‘காரணம்’ என்ற நிரல்: பழைய அறிக்கையொன்றும் இன்றைய போதைப்பொருள் விவாதமும்

சமூகப் பிரச்சினையொன்று பற்றி எழும் விவாதத்தின் தரத்தை, அவ்விவாதத்திற் கலந்துகொள்வோர் எய்தும் முடிவைக் கொண்டு அளவிடுவது இலங்கையிற் பொது வழக்காகிவிட்டது. போதைப்பொருள் பற்றிய விவாதத்திலே இவ்வழக்கு மிகத் தெளிவாகக் காணப்படுகின்றது. கடுந்தண்டனை வேண்டுமென்போர் ஒருபுறமும், மனிதாபிமானம் வேண்டுமென்போர் மறுபுறமுமாக அணிவகுத்து நிற்பர். ஒருவர் எந்த அணியைச் சார்ந்தவர் என அறிந்தவுடன் அவர் சொல்லப்போவது யாதென்பதும் தெரிந்துவிடும். அவர் தாம் சொல்வதை எவ்வாறு அறிந்துகொண்டார் என்ற வினா மாத்திரம் எழுப்பப்படுவதில்லை. எந்த அணி சரியானது என்பது பின்னர் ஆராயப்பட வேண்டியது. முன்னர் ஆராயப்பட வேண்டியது இந்த அறிவின் மூலமாகும்.

தென்னாசியாவின் வரலாற்றிலே இவ்வினாவை மிகப் பிடிவாதமாக எழுப்பிய ஆவணம் ஒன்று உண்டு. 1893-94 ஆம் ஆண்டுகளிலே பிரித்தானிய இந்திய அரசு நியமித்த கஞ்சாப் பொருட்கள் பற்றிய ஆணைக்குழுவின் அறிக்கையே அது. பல தொகுதிகளைக் கொண்ட இவ்வறிக்கை, கஞ்சாவுக்குச் சார்பான ஆவணம் எனச் சிலராலும் ஏகாதிபத்திய வருவாய்க்கு வாதாடிய ஆவணம் எனச் சிலராலும் மேற்கோள் காட்டப்பட்டு வந்துள்ளது. இவ்விரு சாராரும் அதன் முடிவை எடுத்தாண்டனரேயன்றி அதன் முறையை நோக்கினாரல்லர். இக்கட்டுரை அம்முறையையே மதிப்பிட முற்படுகின்றது. அம்மதிப்பீட்டைத் துணைக்கொண்டு இலங்கையின் விவாதத்தையும் நோக்குகின்றது.

ஆணைக்குழுவின் தோற்றத்திலே சிறப்பித்துக் கூறத்தக்கது அதிகமில்லை. 1893 மார்ச் மாதம் பிரித்தானியப் பாராளுமன்றத்தின் மக்கள் சபையிலே, மதுவிலக்கு இயக்கத்தில் ஈடுபாடு கொண்டிருந்த டபிள்யூ. எஸ். கேன் என்பார், வங்காளத்தில் கஞ்சாவின் உற்பத்தியும் நுகர்வும் மக்களின் உடல்நிலையையும் ஒழுக்கத்தையும் எவ்வாறு பாதிக்கின்றன என ஆராயுமாறு கோரினார். அக்கோரிக்கையின் விளைவாக அவ்வாண்டு ஜூலையில் எழுவர் கொண்ட ஆணைக்குழு அமைக்கப்பட்டது. விசாரணை வங்காளத்தோடு நின்றுவிடாது இந்தியா முழுவதற்கும் விரிக்கப்பட்டது. மக்வேர்த் யங் தலைமை தாங்கினார். உறுப்பினருள் மூவர் இந்தியர். ஓராண்டு காலத்துள் 1,193 சாட்சிகளின் கூற்றுக்கள் பெறப்பட்டன.

சாட்சிகளின் தொகையினும் முக்கியமானது அவர்களுக்கு அனுப்பப்பட்ட வினாக்கொத்து ஆகும். அது எழுபது வினாக்களைக் கொண்டிருந்தது. அவற்றுள் முதலாவது வினா கஞ்சாவைப் பற்றியதன்று. இனிவரும் வினாக்களுக்கு விடையிறுப்பதற்கு வேண்டிய செய்திகளை அறியும் வாய்ப்பு உமக்கு எவ்வாறு கிட்டியது என்பதே அதன் பொருளாகும். அதாவது, சாட்சியின் கருத்தைக் கேட்பதற்கு முன்னர் அக்கருத்தின் பிறப்பிடம் கேட்கப்படுகின்றது. மாவட்ட அதிகாரியாயினும் மருத்துவராயினும் பாதிரியாராயினும் இந்த வாயிலைக் கடந்தே உள்ளே வருதல் வேண்டும். பின்வரும் வினாக்களிலே பாங்கு, கஞ்சா, சரஸ் என்னும் மூன்று பொருள்களும் வேறுவேறாகக் கொள்ளப்படுகின்றன. அளவான நுகர்வு, அளவு மீறிய நுகர்வு என்ற வேறுபாடும் பேணப்படுகின்றது. குற்றச் செயலுக்கும் கஞ்சாவுக்கும் தொடர்புண்டு எனக் கூறிய சாட்சிகள், தாம் நேரிற் கண்ட நிகழ்ச்சியொன்றைக் குறிப்பிடுமாறு கேட்கப்பட்டனர். உறுதியாகப் பேசத் தொடங்கிய பலர் இக்கட்டத்திலே தயங்கினர். ‘எல்லோரும் அறிந்த விடயம்’ எனப்பட்டது ஒரு குறித்த மனிதனிடத்திலோ குறித்த நாளிடத்திலோ சென்று நிற்கவில்லை.

அறிக்கையின் உயிர்ப்பகுதி எனக் கருதத்தக்கது மனநோய் வைத்தியசாலைகள் பற்றிய ஆய்வாகும். கஞ்சா பித்தத்தை உண்டாக்கும் என்பது அக்காலத்தில் ஐயமற்ற உண்மையெனக் கொள்ளப்பட்டிருந்தது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரமும் இருந்தது. இந்திய வைத்தியசாலைகள் ஆண்டுதோறும் வெளியிட்ட அட்டவணைகளே அவ்வாதாரம். அரசாங்கமும் எதிர்ப்பாளரும் ஒருங்கே அவ்வட்டவணைகளை நம்பினர். 1892 ஆம் ஆண்டில் வைத்தியசாலைகளிற் புதிதாகச் சேர்க்கப்பட்டோர் 1,344 பேர். அவர்களுள் 222 பேருக்கு நோய்க் காரணம் கஞ்சா எனப் பதியப்பட்டிருந்தது. ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர் என்பது சிறு தொகையன்று. இத்தொகையைக் கண்ணுறும் எவரும் தடைச்சட்டம் வேண்டுமென்றே கூறுவர்.

ஆணைக்குழு அத்தொகையை ஏற்றுக்கொள்ளவுமில்லை, புறக்கணிக்கவுமில்லை. அது எழுதப்பட்ட இடத்துக்குச் சென்றது. நோயாளி ஒருவர் வைத்தியசாலைக்கு அனுப்பப்படும்போது அவருடன் விபரப் படிவம் ஒன்றும் அனுப்பப்படும். அப்படிவத்திலே ‘காரணம்’ என்றொரு நிரல் உண்டு. அந்நிரலை நிரப்பியவர் பெரும்பாலும் மருத்துவரல்லர். வீதியிலே அலைந்த ஒருவரைப் பிடித்துவந்த பொலிஸ் உத்தியோகத்தரோ, அவரை அனுப்பிவைத்த நீதவானோ அதை நிரப்பினார். பிடிபட்டவரின் ஊரும் உறவும் தெரியாத நிலையிலும் நிரல் வெறுமையாக இருத்தலாகாது. அவர் கஞ்சா குடிப்பவரென யாரேனும் கூறினால், அல்லது அவரது தோற்றம் அவ்வாறு எண்ணச் செய்தால், ‘கஞ்சா’ என எழுதுவது எளிதாயிற்று. வைத்தியசாலையினர் அதனைத் தம் பதிவேட்டிற் பிரதிசெய்தனர். பதிவேட்டிலிருந்து அது ஆண்டறிக்கைக்கும், ஆண்டறிக்கையிலிருந்து அரசாங்கத்தின் கொள்கைக் குறிப்புக்கும், அங்கிருந்து பாராளுமன்ற உரைக்கும் ஏறிச்சென்றது. மேலே செல்லச் செல்ல அதன் மதிப்பு உயர்ந்தது. அதன் பிறப்பிடமோ மறைந்தது.

222 பேரின் வரலாறும் மீண்டும் விசாரிக்கப்பட்டது. அவர்களின் ஊர்களிலே உறவினரிடமும் அயலாரிடமும் செய்தி திரட்டப்பட்டது. விசாரணையின் முடிவிலே, கஞ்சாவுக்குத் தொடர்பிருக்கலாமென ஏற்கப்பட்டோர் 98 பேராகக் குறைந்தனர். அது சேர்க்கப்பட்டோரில் 7.3 சதவீதமாகும். வேறெந்தக் காரணமும் கலவாது கஞ்சா ஒன்றே காரணமெனக் கருதப்பட்டோர் 61 பேர் மாத்திரமே. இந்தத் தொகையும் உறுதியானதன்று. நோய் வந்தமையாற் கஞ்சாவை நாடினாரா, கஞ்சாவை நாடியமையால் நோய் வந்ததா என்பதைப் பல சந்தர்ப்பங்களில் எவராலும் பிரித்தறிய முடியவில்லை. எனினும் 61 என்பது பூச்சியமன்று என்பதும் கருதற்பாலது. கஞ்சாவினால் எவ்விதத் தீங்குமில்லை எனப் பிற்காலத்திலே இவ்வறிக்கையைச் சான்றுகாட்டியோர் இப்பகுதியை விட்டுவிட்டே படித்துள்ளனர்.

அளவான நுகர்வு பெரும்பாலும் தீங்கற்றது, அளவு மீறிய நுகர்வு தீங்கானது, முழுத்தடை தகாதது என்பவையே ஆணைக்குழுவின் முடிவுகள். தடை விதிக்கப்படின் நுகர்வோர் மதுவுக்கும் ஊமத்தை போன்ற கொடிய பொருள்களுக்கும் மாறக்கூடும் என அது எச்சரித்தது. வழிபாட்டோடு தொடர்புற்ற பழக்கமொன்றை அரசு வலிந்து ஒடுக்குவதால் எழக்கூடிய கொந்தளிப்பையும் அது சுட்டியது. வரி விதித்தல், பயிர்ச்செய்கையைக் கட்டுப்படுத்தல், அனுமதிப்பத்திரம் பெற்ற கடைகளின் தொகையைக் குறைத்தல் ஆகியனவே அது பரிந்துரைத்த வழிகள்.

இவ்வறிக்கையைப் புகழ்வதோடு நின்றுவிடுதல் திறனாய்வாகாது. முதலாவதாக, விசாரணை செய்த அரசு விசாரிக்கப்பட்ட பொருளினால் வருவாய் பெற்றுவந்த அரசாகும். வங்காளத்தின் ராஜ்ஷாஹி மாவட்டத்திலே நவகாங் பகுதியில் கஞ்சாப் பயிர்ச்செய்கை அரசின் மேற்பார்வையிலேயே நடைபெற்றது. தீங்கு சிறிது, வரி நன்று என்ற முடிவு அவ்வரசுக்கு எத்துணை உவப்பானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவதாக, சாட்சிகளிற் பெரும்பாலார் உத்தியோகத்தரும் மருத்துவரும் கல்வி கற்ற மேலோருமாவர். கஞ்சா குடிப்போரின் குரல் அறிக்கையிலே முற்றாக இல்லாமற் போகவில்லையாயினும் மெலிந்தே ஒலிக்கின்றது. மூன்றாவதாக, ‘அளவான நுகர்வு’ என்ற சொற்றொடரின்மேலேயே முடிவு முழுவதும் எழுப்பப்பட்டிருக்க, அளவு யாதென்பது நழுவிக்கொண்டே செல்கின்றது. தீங்கு செய்யாத அளவே அளவு எனக் கொள்ளின் அளவான நுகர்வு தீங்கற்றது என்பது வெறும் சொற்சுற்று ஆகிவிடும். அறிக்கை இப்பொறியிலே பல இடங்களிற் கால்வைக்கின்றது.

இருந்தும் அறிக்கை தன் எதிரியைத் தன்னகத்தே கொண்டுள்ளது. உறுப்பினருள் இருவர், ராஜா சோஷி சிகரேஸ்வர் றோயும் லாலா நிஹால் சந்தும், பெரும்பான்மையோரின் முடிவை ஏற்காது தனித்தனியே மாற்றுக் குறிப்புகள் எழுதினர். இருவரும் இந்தியர் என்பது கவனித்தற்குரியது. அக்குறிப்புகளும் அச்சிடப்பட்டன, சாட்சியங்களும் தொகுதி தொகுதியாக அச்சிடப்பட்டன. எனவே பெரும்பான்மை முடிவு தவறென நிறுவ விரும்பும் ஒருவர் அதற்கு வேண்டிய கருவிகளை அவ்வறிக்கையிலேயே பெற்றுக்கொள்ள இயலும். மேலே கூறப்பட்ட குற்றச்சாட்டுகளை நிறுவுவதற்கும் அவ்வறிக்கையே துணைபுரிகின்றது. ஓர் ஆவணம் பொது விவாதத்துக்குச் செய்யக்கூடிய பணி இதனிற் பெரிதாக இருத்தல் அரிது.

ஆயின் அறிவு ஒருமுறை திரட்டப்பட்டுவிட்டால் அது தானாகவே நிலைத்துவிடும் எனக் கருதுவது பேதைமையாகும். முப்பதாண்டுகளின் பின்னர் ஜெனீவாவிலே சர்வதேச அபின் மாநாடு கூடியது. அங்கு எகிப்தின் பிரதிநிதியாகிய எல் கிண்டி, தம் நாட்டின் மனநோயாளரில் 30 முதல் 60 சதவீதம் வரையானோரின் நோய்க்குக் கஞ்சாவே காரணமென எடுத்துரைத்தார். முப்பதுக்கும் அறுபதுக்குமிடையே எத்துணை தூரம்! இத்துணை தளர்வான கணக்கைப் பலசரக்குக் கடைக்காரர்கூட ஏற்கமாட்டார். அந்த எண் எந்தப் படிவத்திலிருந்து, யார் எழுதிய நிரலிலிருந்து வந்ததென்ற வினா அங்கு விவாதத்தின் போக்கை மாற்றவில்லை. கல்கத்தாவிலே அடிவேர்வரை தோண்டி ஆராயப்பட்ட அதே வகையான கூற்று, ஜெனீவாவிலே மேடையிலிருந்து சொல்லப்பட்டமையாலேயே வலிமை பெற்றது. 1925 ஆம் ஆண்டின் உடன்படிக்கை இந்தியக் கஞ்சாவை முதன்முறையாகச் சர்வதேசக் கட்டுப்பாட்டினுள் கொண்டுவந்தது.

அதற்கு நான்கு ஆண்டுகளின் பின்னரே இலங்கையின் நஞ்சுகள், அபின், அபாயகரமான ஔடதங்கள் பற்றிய 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தோன்றியது. பல திருத்தங்களுக்குட்பட்டு அச்சட்டமே இன்றும் நடைமுறையிலுள்ளது. அதே வேளை, சுதேச மருத்துவர்கள் அபினையும் கஞ்சாவையும் மருந்துத் தேவைக்காகப் பெற்றுக்கொள்ள 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் இடமளித்தது. ஒரே செடி ஒரு சட்டத்திலே நஞ்சாகவும் மற்றொன்றிலே மருந்தாகவும் நிற்பது முரண்பாடன்று. அளவும் ஆளும் நோக்கமும் கருதப்பட வேண்டுமென்பதற்கு அது சட்டத்தின் வாய்மொழியேயாகும். பொது விவாதத்தில் இச்செய்தி வரக்காண்பது அரிது.

இந்நாட்டின் சட்டம் இன்றைய கடுமையைப் பெற்றது 1984 ஆம் ஆண்டிலாகும். ஹெரோயின் நாட்டினுட் புகத் தொடங்கியிருந்த காலமது. அவ்வாண்டின் 13 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின்படி 2 கிராமோ அதற்கு மேலோ ஹெரோயின் வைத்திருந்தவர் மரண தண்டனைக்கோ ஆயுட் சிறைக்கோ உரியவரானார். 2022 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் ‘ஐஸ்’ எனப்படும் மெதம்பெற்றமீனுக்கு அவ்வெல்லையை 5 கிராம் என வகுத்தது. இரண்டு கிராம் தூள் ஒரு தேக்கரண்டியிலே அடங்கிவிடும். பெருவியாபாரிக்கும், தன் தேவைக்காகச் சிறிது விற்கும் நோயாளிக்கும் இடையே கோடு கிழிக்க வேண்டிய எண் இதுவாகும். அந்த எண் அக்கோட்டைச் சரியாகக் கிழிக்கின்றதா? நான்கு தசாப்தங்களாகச் சிறைக்கூடங்களிலிருப்போர் எந்த வகுப்பினர் என்பதை நோக்கினாலே விடை கிடைக்கும். அந்நோக்கு மேடையிலும் பத்திரிகையிலும் இடம்பெறவில்லை.

இடம்பெற்றது தூக்குக்கயிறு. 1976 ஜூன் மாதத்தின் பின் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. 2019 ஜனவரியில் பிலிப்பைன்ஸ் சென்ற ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்நாட்டுத் தலைவர் டுட்டேர்ட்டே நடத்திய போதைப்பொருள் ஒழிப்பைப் போற்றினார். அடுத்த மாதம் அலுகோசு பதவிக்கு விண்ணப்பங்கள் கோரப்பட்டன. நூற்றுக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். ஜூன் 26 ஆம் திகதி, சர்வதேச போதைப்பொருள் எதிர்ப்பு நாளன்று, நால்வரைத் தூக்கிலிடுவதற்கான ஆணையிலே தாம் ஒப்பமிட்டுவிட்டதாக அவர் அறிவித்தார். உயர் நீதிமன்றம் ஜூலையில் இடைக்காலத் தடை விதித்தது. நாடெங்கும் விவாதம் மூண்டது. ஆனால் அது எதைப் பற்றிய விவாதம்? தூக்கு கொடியதா, நியாயமானதா என்பதே பேசப்பட்டது. தூக்கை எதிர்த்தோரின் வாதங்கள் உயர்ந்தவையே. அவை நால்வரின் உயிரைக் காப்பதற்கு உதவின. எனினும் தண்டனை பற்றிய விவாதம் போதைப்பொருள் பற்றிய விவாதத்தின் இருக்கையிலே அமர்ந்துகொண்டது என்பது மறுக்கற்பாலதன்று. ஹெரோயினை நிறுத்த விரும்பும் ஒருவர் தம் ஊரில் எந்த வாயிலைத் தட்ட வேண்டும், அங்கே மருத்துவர் இருக்கின்றாரா, தட்டியமைக்காகப் பொலிசார் வருவார்களா என்ற வினாக்கள் இரு சாராராலும் பெரும்பாலும் விடப்பட்டன. பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் நடந்த விவாதப் போட்டிகளுக்கும் ‘மரண தண்டனை வேண்டும், வேண்டாம்’ என்பதே வசதியான தலைப்பாயிற்று. வசதிக்குக் காரணமுண்டு: அத்தலைப்பிலே பேசுவதற்கு எதையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

2023 டிசம்பர் 17 ஆம் திகதி ‘யுக்திய’ என்ற பெயரிலே பொலிஸ் நடவடிக்கை தொடங்கியது. நீதி என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். நாள்தோறும் கைதானோர் தொகை வெளியிடப்பட்டது. பத்திரிகைகள் அதனைக் கிரிக்கெட் ஓட்ட எண்ணிக்கை போல அச்சிட்டன. ஒரு மாதம் சற்றுக் கடந்த நிலையிலே கைதானோர் 29,000 பேருக்கு மேலெனக் கூறிய ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள், 2024 ஜனவரியில் நடவடிக்கையை இடைநிறுத்துமாறு கோரினர். கைதானோர் தொகை எதனை அளவிடுகின்றது? பொலிசார் எத்தனை பேரைப் பிடித்தனர் என்பதை அளவிடுகின்றது. எத்தனை பேர் ஹெரோயினை விட்டனர், தூளின் விலை ஏறியதா இறங்கியதா, பிடிபட்டோருட் கடத்தியவர் எத்தனை பேர், உட்கொண்டவர் எத்தனை பேர் என்பவற்றை அது சொல்லாது. 1892 இன் படிவத்திலே ‘காரணம்’ என்ற நிரலை நிரப்பிய கையே, நூற்றாண்டுக்குப் பின் ‘வெற்றி’ என்ற நிரலையும் நிரப்புகின்றது. அன்று அக்கையின் பின்னாற் சென்று விசாரிக்க ஓர் ஆணைக்குழு இருந்தது.

வடபகுதியின் விவாதம் இன்னொரு வகையிலே தடைப்பட்டு நிற்கின்றது. கடல்வழியே வரும் கேரள கஞ்சாவும், நகரங்களிற் பரவும் தூளும் ஐஸும் அங்கு பெற்றோரின் நித்திரையைக் கெடுத்துள்ளன. 2009 இன் பின்னர் தமிழ் இளைஞரைச் சீரழிக்கும் நோக்குடன் இவை திட்டமிட்டுப் பரப்பப்படுகின்றன என்ற ஐயம் பொதுமேடைகளிலே திரும்பத் திரும்பக் கூறப்படுகின்றது. இராணுவமும் பொலிசாரும் செறிந்துள்ள பிரதேசத்திலே இவ்வளவு பொருள் எவ்வாறு நடமாடுகின்றது என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை கூற வேண்டியோர் அரசினரே. ஆயின் மேடையிலே இக்கேள்வி கேள்வியாக நிற்பதில்லை, விடையாக மாறிவிடுகின்றது. இதுவும் ‘காரணம்’ என்ற நிரலை விரைந்து நிரப்பும் செயலேயாகும். நிரல் நிரம்பியபின் ஐஸுக்கு அகப்பட்ட பதினெட்டு வயதுப் பிள்ளையைப் பற்றிச் சிந்திக்க வேண்டிய தேவை இல்லாதொழிகின்றது. அப்பிள்ளை இனத்தின் அவமானமாகக் கருதப்படுகின்றது; வீட்டார் அவனை மறைக்கின்றனர்; அயலார் அறியுமுன் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்ப முயல்கின்றனர்.

இவ்விடத்திலே மொழியைப் பற்றியும் ஒன்று கூறுதல் பொருந்தும். ‘போதைப்பொருள்’ என்ற ஒரே சொல் ஹெரோயினையும் கஞ்சாவையும் ஐஸையும் நோவு மாத்திரைகளையும் ஒருசேரக் குறிக்கின்றது. ஆனால் ஊரை அழிக்கும் கசிப்பும் அரசுக்கு வரி ஈட்டும் சாராயமும் பெரும்பாலும் அச்சொல்லுக்கு வெளியே நிற்கின்றன. 1893 இன் வினாக்கொத்து ஒரு செடியின் மூன்று பண்டங்களையே பிரித்து வினவியது. வேறுபட்ட செடிகளையும் இரசாயனங்களையும் ஒன்றாகக் கட்டிவைத்து, இந்த மூட்டைக்கு மாற்றுக் கொள்கை யாது எனக் கேட்டால் மூட்டையாகவே விடையும் வரும். பழக்கமுற்றவரை ‘அடிமை’ என அழைப்பதும் அத்தகையதே. அடிமைக்குச் சாட்சி சொல்லும் உரிமை எக்காலத்திலும் இருந்ததில்லை.

மாற்று வழிகள் உண்டா எனின், உண்டு. ஆயின் அவற்றைப் பற்றிப் பேசுவோரும் அறிக்கையின் முதலாவது வினாவுக்கு விடையளிக்க வேண்டியவரே. போர்த்துக்கலை உதாரணம் காட்டாத கட்டுரை இன்று இல்லை. 1990 களின் இறுதியிலே அந்நாட்டு மக்களுள் நூற்றுக்கு ஒருவர் ஹெரோயினுக்குப் பழக்கமுற்றிருந்தனர் என மதிப்பிடப்பட்டது. 1998 இல் ஒன்பதின்மர் கொண்ட நிபுணர் குழு நியமிக்கப்பட்டது; 1999 இல் தேசியக் கொள்கை ஏற்கப்பட்டது; 2001 ஜூலை முதலாந் திகதி சட்டம் நடைமுறைக்கு வந்தது. பத்து நாட் தேவைக்கு மேற்படாத அளவை வைத்திருத்தல் குற்றச்செயல் என்ற நிலையிலிருந்து நீக்கப்பட்டது. அது அனுமதிக்கப்படவில்லை என்பதை இங்கு பலர் கவனிப்பதில்லை. பிடிபட்டவர் நீதிமன்றத்துக்குப் பதிலாக மூவர் கொண்ட குழுவின் முன் செல்கின்றார். கடத்தல் இன்றும் குற்றமே. ஊசி ஏற்றுவோரிடையே ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேலாக இருந்த புதிய எச்.ஐ.வி. தொற்றுக்கள் பின்னர் நூற்றுக்கும் கீழாகக் குறைந்தன. இக்குறைவு சட்டத்தினால் மாத்திரம் வந்ததா? 1993 முதலே அங்கு தூய ஊசிகள் வழங்கப்பட்டு வந்தன. மெதடோன் சிகிச்சையும் பரந்த அளவில் விரிவுபடுத்தப்பட்டது. சட்டம் அவற்றுக்குக் கதவைத் திறந்தது என்பதே பொருத்தமான கூற்று.

ஒரேகன் மாநிலத்தின் கதை இதனை உறுதிப்படுத்துகின்றது. 2020 நவம்பரில் அம்மாநில மக்கள் வாக்களித்துச் சிறு அளவுகளை வைத்திருத்தற்கான தண்டனையை நீக்கினர். அதற்குப் பதிலாக 100 டொலர் தண்டப்பணமும், சிகிச்சைத் தொடர்புக்கு ஒரு தொலைபேசி இலக்கமும் வந்தன. அழைத்தோர் மிகச் சிலர். சிகிச்சை நிலையங்களுக்கான பணம் காலந்தாழ்த்தியே சென்றது. அதே ஆண்டுகளிலே பென்ரனில் என்ற கொடிய பொருளும் அப்பகுதியிற் பரவியது. 2024 செப்ரெம்பரில் தண்டனை மீண்டும் கொண்டுவரப்பட்டது. தண்டனையை எதிர்ப்போர் போர்த்துக்கலை மாத்திரமும், ஆதரிப்போர் ஒரேகனை மாத்திரமும் காட்டுவது விவாதமன்று. இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவோருக்கே வைத்தியசாலைக் கட்டிலும் பயிற்சி பெற்ற தாதியும் சட்டப் பிரிவைப் போன்று முக்கியமானவை என்பது புலனாகும்.

இலங்கையிலே இத்தகைய நோக்குக்குத் தடையாயிருப்பது அறிஞரின் பற்றாக்குறையன்று. நீதிமன்றத்தின் முன் சென்று வாதாடக்கூடியோர் உள்ளனர். புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதென 2022 அக்டோபரில் உயர் நீதிமன்றம் கண்டமை அத்தகையோரின் முயற்சியாலேயாகும். தடையாயிருப்பது வேறொன்று. 1893 இல் ஒருவர் ஆணைக்குழுவின் முன் வந்து, தாம் இருபது ஆண்டுகளாகக் கஞ்சா குடிப்பவரென்றும், இன்ன அளவு குடிப்பவரென்றும், அதனால் இன்ன நன்மையும் இன்ன தீமையும் கண்டவரென்றும் அச்சமின்றிக் கூறலாம். அனுமதிப்பத்திரம் பெற்ற கடையிலேதான் அவர் அதனை வாங்கினார். இன்று யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கொழும்பின் தோட்டங்களிலோ ஹெரோயினோடு வாழும் ஒருவர் அவ்வாறு கூறினால், அவரது சாட்சியம் அவருக்கெதிரான குற்ற ஒப்புதலாகிவிடும். 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அவர் வலிந்து சிகிச்சைக்கு அனுப்பப்படவும் கூடும். ஆகவே சட்டத்தின் பயனைப் பற்றி மிக நன்கறிந்தவரின் வாயைச் சட்டமே பூட்டிவைக்கின்றது. அவர் பேசாத இடத்தை ஏனையோர் நிரப்புகின்றனர். மதகுருவும் அரசியல்வாதியும் பொலிஸ் பேச்சாளரும் கட்டுரையாளரும் அவருக்காகப் பேசுகின்றனர்.

இந்நிலையிலே ஆணைக்குழுவொன்று இலங்கையில் நியமிக்கப்படுமாயின், அது முதலிற் செய்ய வேண்டியது வினாக்கொத்து தயாரிப்பதன்று. முன்வந்து கூறுவோரின் கூற்று அவர்மீது வழக்காகத் திரும்பாது என்ற சட்டபூர்வமான உறுதியைப் பெற்றுத் தருதலே அதன் முதற் பணியாகும். தாயொருத்தி தன் மகனைப் பற்றிக் கூறுவதும் அவ்வுறுதியினுள் அடங்க வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் சாட்சியம் பெறப்பட்டு அம்மொழிகளிலேயே அச்சிடப்படல் வேண்டும். சிறைச்சாலைகளின் உள்ளேயும் அமர்வுகள் நடைபெற வேண்டும். இரண்டு கிராமுக்காக ஆயுட் சிறை அனுபவிப்போர் அங்கேதான் உள்ளனர். தூக்கை ஆதரிக்கும் உறுப்பினர் ஒருவரேனும் அக்குழுவில் இருத்தல் நன்று. அவரது மாற்றுக் குறிப்பும், சோஷி சிகரேஸ்வர் றோயின் குறிப்பைப் போல, அதே தொகுதியிலே ஒரெழுத்தும் குறையாது வெளிவரலாம்.